கல்யாண மண்டபத்தில் கோள் நெபுலா

1. டோம் இறங்கியது

காற்றடைத்த கோளரங்க டோமுக்குள் வேலை செய்ய வருகிறவர்கள் முதலில் படிக்க வேண்டியது வானவியல் இல்லை, ஜிப். பின்பக்கத்து அவசர வழி ஜிப்பை யாராவது வெளியிலிருந்து திறந்துவிட்டால், ப்ளோயர் எவ்வளவு ஊதினாலும் காற்று நிற்காது. பால்வீதி, சப்தரிஷி எல்லாவற்றையும் சுமந்துகொண்டு கூரை மெதுவாகத் தலைமேல் இறங்கும். வெறும் துணிதான், யாருக்கும் அடிபடாது. ஆனால் உள்ளே ஒரு வகுப்புப் பெண் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் போடுகிற கூச்சல் மலைக்கோயில் வரைக்கும் கேட்கும்.

திருத்தணியில் அந்தக் கல்யாண மண்டபத்தில் அப்படித்தான் ஆயிற்று. நான் மைக்கில், "இன்னும் ஐந்நூறு கோடி வருஷம் கழிச்சு நம்ம சூரியன் செத்துப்போகும்" என்று சொல்லி வாயை மூடவில்லை, சர்ரென்று ஜிப் திறந்தது. பட்டப்பகல் வெளிச்சம் உள்ளே பாய்ந்தது. வெளிச்சத்தின் நடுவில் வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் நின்றார்.

"யாரும்மா அது, கல்யாண மண்டபத்துல பூந்துகினு சூரியன் செத்துப்பூடும்னு சொல்லிகினு கீறது?"

நான் பதில் சொல்வதற்குள் டோம் எங்கள் எல்லார் மேலும் படுத்துவிட்டது. துணிக்கு அடியில் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே உருண்டார்கள். நான் புரொஜெக்டரின் ஃபிஷ் ஐ லென்ஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். லென்ஸைப் பற்றி அந்த நம்பிக்கை கிடையாது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் எஸ்தர். இந்த வட்டாரத்துப் பள்ளிக்கூடங்களுக்கு வேனில் போய் நடமாடும் கோளரங்கம் காட்டுகிறேன். டோமை வாங்கியவர் என் கணவர். அவர் செத்தபோது, "இதை வித்துடு, பொம்பளையால முடியாது" என்று சொன்னவர்களுக்கெல்லாம் அடுத்த ஷோவுக்கு முன்வரிசையில் இடம் போட்டுக் கூப்பிட்டேன். பாதிப் பேர் வந்தார்கள். அன்றிலிருந்து வண்டி ஓட்டுவதும் டோம் ஊதுவதும் முனிரத்தினம், பேசுவது நான். முனிரத்தினம் கே.ஜி.கண்டிகைக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், கிருத்திகைக்குக் காவடி வந்தால் உடுக்கை அடிக்கிறவர். அந்த உடுக்கை எப்போதும் வேனில் ஸ்டெப்னி பக்கத்தில் கிடக்கும். அதற்கும் இந்தக் கதையில் வேலை இருக்கிறது.

2. சரோஜாம்மா போட்ட கண்டிஷன்

கல்யாண மண்டபத்தில் எங்களுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். பெண்கள் பள்ளியில் ஹால் கூரையைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். மண்டபத்துக்காரர் நல்ல மனிதர், மத்தியானம் வரை சும்மா எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். கல்யாணம் மறுநாள்தான், பெண் வீட்டார் சாயங்காலம்தான் வருவார்கள் என்பது பேச்சு. ஆனால் ராகுகாலம் பிறப்பதற்குள் சீர்ப் பாத்திரங்களை மண்டபத்தில் இறக்கிவிட வேண்டும் என்று அவர்கள் காலையிலேயே வந்துவிட்டார்கள். வந்து காலை வைத்த இடத்தில் ஸ்பீக்கரில் என் குரல், அதுவும் அந்த வாக்கியம்.

வேட்டிக்காரர் பெயர் ஏகாம்பரம். பெண்ணின் அப்பா. திருவாலங்காட்டில் கரும்பு போடுகிறவர். அவருக்குப் பின்னால் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவருடைய அக்கா சரோஜாம்மா.

"மொதல்ல இந்தப் பலூனைச் சுருட்டுங்க" என்றார் அந்த அம்மா.

பள்ளியிலிருந்து வந்திருந்த சுகந்தி டீச்சர் முன்னால் வந்து கெஞ்சிப் பார்த்தார். "அம்மா, பாதி ஷோதாங்க ஆயிருக்கு. இந்தப் பசங்களுக்கு ரெண்டு தடவை கேன்சல் ஆயிடுச்சுங்க. ஒரு தடவை மழை. இன்னொரு தடவை கனகம்மாசத்திரத்துல ஷோ நடக்கும்போதே இவங்க ப்ளோயர் மோட்டார் பொகைஞ்சி போச்சு. அடுத்த வாரம் பரீட்சை. இதை விட்டா இந்த வருசம் இல்லீங்க."

"அது உங்க கஷ்டம். எங்க கஷ்டம் வேற" என்றார் சரோஜாம்மா. பிறகு குரலைத் தணித்து என்னிடம் மட்டும் சொன்னார். "இவன் பொண்டாட்டி பூட்டா. வருசம் திரும்பி வூட்டுல மொத நல்ல காரியம் இது. பொண்ணு இன்னும் கொஞ்ச நேரத்துல வந்து எறங்கப் போறா. அவ காதுல இன்னா பேச்சு வுழணும்னு ஒரு இது வேணாமா?"

எனக்கு ஒளித்துப் பேசுவது பிடிக்காது. என் கணவர் செத்தபோது, "தவறிட்டாரா?" என்று கேட்டவர்களிடமெல்லாம், "செத்துட்டார்" என்றே பதில் சொன்னவள் நான். சொல்லை மாற்றினால் ஆள் திரும்பி வருவாரா என்ன? ஆனாலும் சரோஜாம்மா சொன்னதைக் கேட்டதும் கோபம் வரவில்லை. அந்த வலி எனக்குத் தெரிந்த வலி. இன்னொரு பக்கம், சரிந்து கிடந்த டோமுக்கு வெளியே வரிசையாக உட்கார்ந்துகொண்டு, எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள். மூன்றாம் தடவையும் இவர்களைத் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

"அம்மா, ஒண்ணு பண்ணலாம்" என்றேன். "நீங்களும் உங்க தம்பியும் உள்ள வந்து உக்காருங்க. மீதியையும் சொல்றேன். என் வாயிலேருந்து ஒரே ஒரு கெட்ட சொல் வந்தாலும் அங்கயே நிறுத்திட்டுக் கெளம்பிடறேன்."

"எந்தெந்தச் சொல்லுன்னு பேசிக்கலாம்" என்றார் சரோஜாம்மா. கறிகாய் வாங்குகிற இடத்தில் நிற்பது போல நின்றுகொண்டார். "சாவு வேணாம். அழிவு வேணாம். முடிவு வேணாம். அணையறது வேணாம். கருமாதி வேணாம்."

"கருமாதி எங்க ஷோவுல எப்பவும் கெடையாதும்மா."

"இருந்தாலும் சொல்லி வெக்கிறேன்."

முனிரத்தினம் ஜிப்பை இழுத்து மூடினார். "அஞ்சு நிமிசத்துல ஊதித் தூக்கிடறேங்க்கா" என்றார். சரோஜாம்மா அவரைப் பார்த்து விரலை நீட்டினார். "நான் உள்ளேருந்து குரல் குடுத்தன்னா நீ காத்தை நிறுத்திடணும். ஆங்?"

"ஆங்" என்றார் முனிரத்தினம். என்னைப் பார்க்கவே இல்லை.

3. பாயசமும் பச்சை வெளிச்சமும்

ப்ளோயரைச் சமையல்கட்டுப் பக்கம் வைக்காதீர்கள். இதையும் புதியவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். மறுநாள் விருந்துக்கு அங்கே ஏற்கெனவே அடுப்பு மூட்டிவிட்டார்கள். நெய்யில் முந்திரி வறுபடும் வாசனை முழுவதையும் ப்ளோயர் இழுத்து டோமுக்குள் ஊதிக்கொண்டிருந்தது. இருட்டில் பிள்ளைகள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

நான் மைக்கை எடுத்தேன். எடுத்த பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. இத்தனை வருஷமாக இந்த இடத்தில் நான் சொல்லிவந்தது ஒரே வாக்கியம். சூரியன் ஊதிப் பெருத்து, செத்து, அழகான புகை வளையமாகும். பிறகு அடுத்த படம். 'செத்து' என்ற சொல்லை எடுத்துவிட்டால் என் கையில் படம் மட்டும்தான் மிஞ்சியது. அது உண்மையில் என்ன, எதனால் ஆனது, ஏன் அந்த வடிவம் என்று எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் பேச ஒன்றுமில்லை.

சரி என்று ஆரம்பித்தேன். இதற்குப் பெயர் கோள் நெபுலா. பழைய காலத்துச் சின்ன டெலஸ்கோப்பில் ஒரு கோள் மாதிரி வட்டமாகத் தெரிந்ததால் அப்படிப் பெயர் வைத்துவிட்டார்கள், கோளுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நம் சூரியனைப் போன்ற நட்சத்திரத்துக்கு வயதாகும்போது அதன் நடுவயிற்றில் ஹீலியம் வெந்து கார்பன் ஆகிறது. அடிப்பிடித்த பாயசத்தைக் கிளறினால் அடியில் இருந்தது மேலே வருமல்லவா, அதுபோல அந்தக் கார்பனில் கொஞ்சம் மேலே வருகிறது, கூடவே நைட்ரஜனும். பிறகு நட்சத்திரம் தன் மேல் அடுக்குகளை வெளியே ஊதிவிடுகிறது. கொஞ்ச நஞ்சமில்லை, பாதி உடம்பை ஊதிவிடுகிறது. நடுவில் மிஞ்சுகிற சூடான உள்பகுதியின் ஒளி பட்டு, வெளியே போகிற வாயு ஜொலிக்கிறது.

"பெரும்பகுதி ஹைட்ரஜன், அடுத்தது ஹீலியம்" என்றேன். "மத்ததெல்லாம் சமையல்ல உப்பு போடற மாதிரி கொஞ்சூண்டு. கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன். ஆனா நெறம் காட்டறதுல அந்தக் கொஞ்சூண்டுதான் கெட்டிக்காரி. டெலஸ்கோப்ல கண்ணை வெச்சுப் பார்த்தா இது வெளிறின பச்சையாத் தெரியும். அந்தப் பச்சை ஆக்சிஜனோடது."

"நம்ம மூச்சு வுடற ஆக்சிஜனா?" ஏகாம்பரத்தின் குரல்.

"அதேதாங்க."

"அப்ப இங்க நம்ம காத்துல ஏன் பச்சையாத் தெரியல?"

இந்தக் கேள்வியைப் பள்ளிக்கூடத்தில் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அந்தக் காலத்து வானவியல்காரர்கள் இந்தப் பச்சைக் கோட்டைப் பார்த்துவிட்டுத் திகைத்துப்போய், பூமியில் இல்லாத புதுத் தனிமம் என்று நினைத்து அதற்கு நெபுலியம் என்று பெயரே வைத்துவிட்டார்கள். ரொம்ப காலம் கழித்துத்தான் அது ஆக்சிஜன் என்று தெரிந்தது. இதை இவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று ஒரு கணம் யோசித்தேன்.

"ஆடிக் கிருத்திகைக்கு மலைப்படி ஏறியிருக்கீங்களா?" என்று பிள்ளைகளைக் கேட்டேன். ஓவென்று பதில் வந்தது. "படி நடுவுல நின்னு தலையில பூவைச் சரி பண்ண முடியுமா?"

"முடியாது மிஸ், தள்ளிகினே போயிடுவாங்க!"

"அதான். ஆக்சிஜன் அணு அந்தப் பச்சையை வெளியிடணும்னா கொஞ்ச நேரம் யாரும் இடிக்காம நிக்கணும். நம்ம காத்துல கிருத்திகைக் கூட்டம். இடி வாங்கிகினே இருக்கும், அந்தச் சக்தி இடியிலயே போயிடும். பூமியில நல்லா காத்தை உறிஞ்சி எடுத்த குழாய்க்குள்ளயும் கூட்டம்தான். நெபுலாவுல அப்படி இல்ல. பக்கத்து அணு எங்கயோ தூரத்துல. நிதானமா நின்னு பச்சையைக் காட்டும்."

இருட்டில் சரோஜாம்மா, "நம்ம வூட்டுலயும் அப்டி ஒரு எடம் வேணும்பா" என்று முணுமுணுத்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவர் இன்னும் அவசர வழி ஓரத்தில்தான் உட்கார்ந்திருந்தார், முனிரத்தினத்துக்குக் குரல் கேட்கிற தூரத்தில்.

4. முனிரத்தினத்தின் உடுக்கை

அடுத்த படம் போட்டேன். இரண்டு பக்கமும் இறக்கை விரித்த நெபுலா. முன்வரிசையில் ஒரு பெண் கேட்டாள். "மிஸ், போன படம் வட்டமா இருந்துச்சு. இது பட்டாம்பூச்சி மாதிரி இருக்கு. ரெண்டும் ஒரே ஜாதியா?"

டோமின் துணியைத் தட்டி, "முனிரத்தினம், உடுக்கை!" என்று கத்தினேன். ஜிப் இடுக்கில் கையை நீட்டி அவர் உடுக்கையை உள்ளே தள்ளிவிட்டார். புரொஜெக்டரை மறைத்துவிட்டு என் செல்போன் டார்ச்சைப் போட்டேன். உடுக்கையின் தோல் முகத்தை விளக்குக்கு நேராகப் பிடித்தேன். டோம் கூரையில் முழு வட்டமாக நிழல் விழுந்தது. பிறகு மெதுவாகப் பக்கவாட்டில் திருப்பினேன். நடுவில் இடுப்பு சிறுத்து, இரண்டு பக்கமும் விரிந்த நிழல்.

பிள்ளைகள் கை தட்டினார்கள். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த கைதட்டலில் நான் மறக்காதது அது. லட்சக்கணக்கில் விலை சொல்கிற கருவியைக் கொண்டு நான் காட்டாததை ஆட்டுத்தோல் கட்டிய ஒரு மரக்கட்டை காட்டிவிட்டது.

"எல்லா வட்டமும் உடுக்கை இல்ல. நெசமாவே உருண்டையாவும் சிலது இருக்கு" என்றேன். "ஆனா சிலது உடுக்கைதான், நாம தோல் பக்கமா நின்னு பார்க்கறதால வட்டம்."

"இடுப்பை யார் கட்டுனது?" இதுவும் ஏகாம்பரம்தான். ஆள் நன்றாக உட்கார்ந்துவிட்டார் என்று தெரிந்தது.

"கூட ஒரு துணை நட்சத்திரம் சுத்திகினு இருந்தா அது கட்டிடும். வாயுவும் தூசியும் நடுவுல ஒட்டியாணம் மாதிரி சேர்ந்துக்கும். அப்புறம் வர்ற காத்து அந்தப் பக்கம் போக முடியாம மேலயும் கீழயும் விரியும். அதான் இறக்கை."

"பாத்தியாடா ஏகாம்பரம், ஜோடி இருந்தாத்தான் அழகு" என்று சரோஜாம்மா தீர்ப்புச் சொன்னார். பிள்ளைகள் சிரித்தார்கள். ஏகாம்பரம் சிரிக்கவில்லை.

கொஞ்சம் பொறுத்து, "சூரியனுக்கு ஜோடி கீதா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. சூரியன் தனி ஆள்."

"அதுக்கும் இந்த மாதிரி வெளிச்சம் வருமா?"

"மங்கலா இருக்கலாம்னு சொல்றாங்க. வடிவமும் சாதாரணமா இருக்கலாம். ஆனா வரும்னுதான் இப்ப கணக்குப் போட்டிருக்காங்க."

"ஆங்" என்றார். அந்த இருட்டில் ஜோடி இல்லாதவர்கள் நாங்கள் இரண்டு பேர் இருந்தோம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அடுத்த படத்துக்குப் போனேன்.

5. யார் வாயிலிருந்து வந்தது

கடைசிப் படம் கஷ்டமான இடம். வாயு எல்லாம் கலைந்து போன பிறகு நடுவில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி. வெண்குள்ளன் என்பார்கள். அதற்குள் இனி அடுப்பு எரியாது. எரியாது என்பது சரோஜாம்மாவின் கண்டிஷனில் வருமா வராதா என்று எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினேன். பூமி அளவுக்கு இருக்கும், கனமாக இருக்கும், மெல்ல மெல்ல ஆறும், குளிரும், இன்னும் குளிரும்.

"அப்பறம்?" என்றது ஒரு குரல்.

"அப்புறமும் குளிரும்."

"அட, அப்ப செத்தே பூடுமா?"

சொன்னது சரோஜாம்மா.

அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டது அந்த வெள்ளைப் புள்ளியின் வெளிச்சத்தில் எல்லாருக்கும் தெரிந்தது. வெளியே முனிரத்தினத்துக்கும் கேட்டிருக்கிறது. "அம்மா, நிறுத்தட்டுங்களா?" என்று குரல் கொடுத்தார் பாவி மனுஷன்.

"டேய், இரு!" என்றார் ஏகாம்பரம். பிறகு அக்கா பக்கம் திரும்பினார். "இல்லக்கா. வெட்டு ஆன கரும்புக் கொல்லைய யாராச்சும் அப்டிச் சொல்வாங்களா? கரும்பு ஆலைக்குப் போவுது. காய்ஞ்ச எலை, அந்தச் சோகைய நாம கொளுத்தறதில்ல, வரிசைக்கு நடுவுல மண்ணுலயே மடக்கி உழுதுடறோம். அடுத்த பயிருக்கு அதானே எரு? இந்தம்மா சொல்ற கார்பனு, நைட்ரஜனு எல்லாம் அந்தச் சோகைதான். அப்பறம் வெட்டுன கட்டைலேருந்தே மறுதாம்பு துளிர் வரும்."

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "ஐயா, சோகை வரைக்கும் ரொம்பச் சரிங்க. மறுதாம்பு மட்டும் வராது. அந்தக் கட்டை முளைக்காது. சோகை வேற கொல்லைக்கு எருவாப் போகும். வேற வாயுவோட கலந்து வேற சூரியன், வேற பூமி வரும்."

"சரி, வேற கொல்லைன்னே வெச்சிக்க" என்றார் அவர், விட்டுக்கொடுக்காமல். "எவன் கொல்லைல முளைச்சா இன்னா, எரு எருதானே?"

அப்போது பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் டோம் ஒரு தடவை ஆடியது. சரோஜாம்மாவும் வாயிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்போடு நான் முடிக்க வேண்டியதைச் சொன்னேன். உங்கள் பென்சில் முனையில், அடுப்புக் கரியில், கண்ணுக்கு இடுகிற மையில் இருப்பதெல்லாம் கார்பன். அதில் ஒரு நல்ல பங்கு இப்படிப்பட்ட நட்சத்திரங்கள் ஊதிவிட்டதுதான். சூரியன் பிறப்பதற்கு முன்னால் யாரோ நமக்காக உழுது வைத்தது. விளக்கைப் போட்டபோது ஏகாம்பரம் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

6. மறுநாள்

நான் இப்போதும் மற்ற இடங்களில் சாவைச் சாவு என்றுதான் சொல்வேன். ஷோவில் மட்டும் அன்றிலிருந்து சொல்வதில்லை. யாரும் தடுத்ததால் இல்லை. அந்தச் சொல்லைச் சொன்னால் எல்லாம் தெரிந்துவிட்டது போலப் பிள்ளைகள் அதோடு நின்றுவிடுகிறார்கள். சொல்லாவிட்டால், "அப்புறம்?" என்று கேட்கிறார்கள். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் அந்த "அப்புறம்?" வருகிற இடத்தைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

மறுநாள் எங்களுக்கும் அழைப்பு. சுகந்தி டீச்சர், முனிரத்தினம், நான் மூவரும் போனோம். முகூர்த்தத்துக்கு முன்னால் மணப்பெண் பவித்ராவை அலங்காரம் செய்து கூட்டி வந்தார்கள். சரோஜாம்மா கையில் கண்மைக் கிண்ணத்தோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"பொண்ணுக்குத் திருஷ்டிப் பொட்டு வெக்கணும். அவ அம்மா இருந்தா அவதான் வெப்பா. வாங்க, அந்தக் கார்பனை உங்க கையாலயே வெச்சி வுடுங்க."

நான் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். "அம்மா, நான் எப்படி... வீட்டுக்காரர் இல்லாதவ. மொதல் நல்ல காரியம்னு நீங்கதான் சொன்னீங்க."

"தெரியும்மா. முனிரத்தினம் சொன்னான்." கிண்ணத்தை என் பக்கம் நீட்டியபடியே நின்றார். "கட்டை முளைக்காதுன்னு சொன்னீங்க. எரு வேற கொல்லைக்குப் போவும்னும் நீங்கதானே சொன்னீங்க? வையிங்க."

வைத்தேன். இடது கன்னத்தில், சின்னதாக, வட்டமாக. பவித்ரா கண் கலங்கிச் சிரித்தாள். எனக்கும் அப்படித்தான். பக்கத்தில் ஒரு சொந்தக்காரப் பெண்மணி சரோஜாம்மாவின் காதில், "யாரு இது?" என்று கேட்டது என் காதிலும் விழுந்தது.

"நட்சத்திரம் காட்டற அம்மா" என்றார் சரோஜாம்மா. "நல்ல மாதிரி. கெட்ட வார்த்தை ஒண்ணு வாயில வராது."

பந்தியில் உட்காரும் முன் இரண்டு தடவை கை கழுவினேன். விரல் நுனியில் இருந்த கறுப்பு முழுசாகப் போகவில்லை. இருக்கட்டும் என்று அந்தக் கையோடேயே பாயசம் சாப்பிட்டேன்.